வெளி டம்ளர்

டம்ளர் ஈரமாக இருந்தது.

காலையில் பிளாஸ்டிக் குடத்தை நிரப்பி, தட்டைப் போட்டு மூடி, தட்டின் மேல் அந்த எவர்சில்வர் டம்ளரைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தவள் இளவரசிதான். இப்போது சாயங்காலம் ஐந்தரை. கத்திரி வெயில் இறங்கியும் வாசல் சிமெண்டில் சூடு அடங்கவில்லை. டம்ளர் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. அடியில் ஒரு மிடறு தண்ணீர் மிச்சம் இருந்தது. குடத்தில் ஒரு சாண் அளவுக்குக் குறைந்திருந்தது.

யார் வந்து குடித்திருப்பார்கள்? திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற சாலையை விட்டு இறங்கி, மண்பாதையில் அரைக் கிலோமீட்டர் உள்ளே வர வேண்டும் இந்த வீட்டுக்கு. இரண்டரை ஏக்கர் நிலம், நடுவில் கிரில் கேட்டும் காங்கிரீட் தளமும் போட்ட ஒரு சின்ன மெத்தை வீடு, ஆறு ஆடுகள், மோட்டார் கொட்டகை, ஒரு கிணறு. மல்லாட்டை என்கிற நிலக்கடலையைப் பிடுங்கி முடித்ததோடு வேலைக்கு ஆள் வருவது நின்றுவிட்டது. அந்தச் சாவுக்குப் பிறகு தழை ஒடிக்கக்கூட யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

புருஷன் கோகுலகிருஷ்ணனிடம் சொன்னாள். அவன் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டே சிரித்தான். குரங்கு வந்திருக்கும் என்றான். குரங்கு குடித்துவிட்டு டம்ளரை நிமிர்த்தி வைத்துவிட்டா போகும் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அந்தக் குடத்தைப் பற்றி இப்போதெல்லாம் யாரிடமும் ரொம்ப நேரம் பேச அவளால் முடிவதில்லை. மிச்சத் தண்ணீரைச் செடியில் ஊற்றிவிட்டு டம்ளரைக் கவிழ்த்தாள். அடிப்பக்கத்தில், மிளகு அளவுக்கு, ரோஸ் கலர் நெயில் பாலிஷ் பொட்டு.

அது வெளி டம்ளர். கொல்லை நிலத்தில் வேலை செய்ய வருகிறவர்கள் குடிப்பதற்கு என்று வாசலில் இருப்பது. வீட்டு டம்ளரோடு கலந்துவிடாமல் ஓர் அடையாளம் போட்டு வை என்று மாமியார் வீரம்மாள்தான் சொன்னாள். வீரம்மாள் இருப்பது ஊருக்குள், மூத்த மகன் வீட்டில்; வாரத்துக்கு இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போவாள். மாமியார் சொன்னார், செய்தேன் என்று இளவரசி தப்பித்துக்கொள்ளலாம்தான். ஆனால் வீரம்மாள் ஆணியால் ஒரு கீறல் போடத்தான் சொன்னாள். கீறினால் அசிங்கமாக இருக்குமே, பொட்டு வைக்கலாம் என்று தன்னுடைய நெயில் பாலிஷை எடுத்து வந்தது இளவரசியின் சொந்த யோசனை. விழுப்புரத்தில் மூன்று வருஷம் காலேஜ் படித்தவள். திருவாமாத்தூர் காலனியிலிருந்து வரும் பானுப்ரியாவின் டிபன் பாக்ஸில் தினமும் கையை விட்டுத் தின்றவள். தின்ற அதே கைதான் பொட்டும் வைத்தது. இப்போது அதை நினைத்தால் முகம் சுடுகிறது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அது சுட்டதில்லை.

மல்லாட்டை ஆய்கிற கடைசி நாள் அது. காலனியிலிருந்து ஆறு பெண்கள் வந்து, பிடுங்கிப் போட்ட செடிகளிலிருந்து காயைப் பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் அன்புச்செல்வி என்பவள், பள்ளிக்கூடம் லீவு விட்டதால், ஆறு வயது மகள் பிளஸ்ஸியையும் மூன்று நாளாகக் கூட்டி வந்தாள். கொல்லையில் ஒதுங்க நிழல் கிடையாது. வீட்டு வாசல் புங்கமரத்தடியில் பிள்ளையை உட்கார வைத்து, அக்கா இருக்காங்க, பார்த்துக்குவாங்க என்று சொல்லிவிட்டுப் போவாள். இளவரசியின் மகள் சங்கவிக்கும் அதே ஆறு வயது. இரண்டும் கிரில் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாக உட்கார்ந்து விளையாடும். கம்பி வழியாகக் கையை நீட்டச் சொல்லி, பிளஸ்ஸியின் பத்து விரலுக்கும் சங்கவி அந்த ரோஸ் பாலிஷைப் பூசிவிட்டாள். பிளஸ்ஸி உள்ளே வரக் கூடாது என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. கேட் சாத்தியிருந்தது, அவ்வளவுதான்.

ஒரே ஒரு தரம் வந்தாள். சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்தாள். சங்கவியின் டம்ளரில் தண்ணீர் குடித்தாள். அந்த நேரம் பார்த்து வந்த வீரம்மாள் ஒரு வார்த்தை பேசாமல் அந்த டம்ளரைக் கொண்டுபோய் ஆட்டுக் கொட்டகை மாடத்தில் வைத்துவிட்டாள். என் டம்ளர் எங்கே என்று சங்கவி ராத்திரி வரை அழுதாள். அதை எடுத்து வந்து கொடுக்க இளவரசிக்குத் துணிச்சல் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானமே வாசல் குடம் காலி. பார்த்தாள். அப்புறம் நிரப்பலாம் என்று விட்டாள். மூன்று மணிக்கு ஹாலில் பாயைப் போட்டு, கேட்டைப் பூட்டி, மரக்கதவையும் சாத்தி, சங்கவியையும் இரண்டு வயது மகன் தருணையும் இரு பக்கமும் போட்டுப் படுத்தாள். தருண் அப்போதுதான் கண் அசந்தான். கேட் சங்கிலி லேசாக ஆடியது.

"சங்கவியம்மா."

சங்கவி தலையைத் தூக்கினாள். பிளஸ்ஸி கூப்பிடுகிறாள் என்றாள். இளவரசி கண்ணைத் திறக்காமலேயே பதில் சொன்னாள்.

"சும்மா படு. நேரங்கெட்ட நேரத்துல மூணு தரம் கூப்ட்டாத்தான் மனுஷங்க. மூணாவது தரம் கூப்புடட்டும், போறேன்."

எல்லா வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பதுதான். இருட்டின பிறகு வாசலில் யாராவது கூப்பிட்டால் முதல் குரலுக்கு ஏன் என்று கேட்கக் கூடாது, காட்டேரி இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிடாது என்பார்கள். ஆனால் அது ராத்திரிக்கு. பட்டப்பகலில், தெரிந்த பிள்ளையின் குரலுக்கு, அதை இழுத்து வந்து பொருத்தியது சோம்பல். சோம்பல் மட்டும்தானா? திறந்தால் அந்தப் பிள்ளை உள்ளே வரும், சோபாவில் உட்காரும். வீட்டு டம்ளரில் தண்ணீர் கொடுக்க வேண்டும். நாலு மணிக்கு மாமியார் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

"சங்கவியம்மா, தண்ணி."

இரண்டு. இளவரசி எண்ணினாள். சத்தியமாக, மூன்றாவது குரல் வந்தால் எழுந்துவிடுவது என்றுதான் படுத்திருந்தாள். வரவில்லை. தட்டின் மேலிருந்து டம்ளரை எடுக்கிற சத்தம் கேட்டது. வெறுங்கால்கள் சருகில் நடந்து கிணற்றுப் பக்கம் போவது கேட்டது. எல்லாம் கேட்டது. அதற்குப் பிறகு அவள் தூங்கிவிட்டாள். நிம்மதியாக, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

நாலரை மணிக்கு அன்புச்செல்வி மகளைத் தேடிக்கொண்டு வந்தாள். கிணற்றின் நாலாவது படியில் டம்ளர் இருந்தது.

போலீஸ் வந்தது. பிள்ளை படியில் வழுக்கித் தண்ணீரில் விழுந்தது என்று எழுதிக்கொண்டு போனார்கள். அது பொய்யும் இல்லை. கோகுலகிருஷ்ணன் கிணற்றைச் சுற்றி முள் வெட்டிப் போட்டு அடைத்தான். அந்த டம்ளரைத் தூக்கிப் போட யாருக்கும் கை வரவில்லை. வீரம்மாள் புளி போட்டுத் தேய்த்து மறுபடி குடத்தின் மேல் வைத்துவிட்டாள். ஏழாம் நாள் அன்புச்செல்வி தனியாக வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே வா என்று இளவரசி கூப்பிட்டாள். அப்படி அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். அன்புச்செல்வி அசையவில்லை.

"யக்கா, அன்னிக்கி அவ வந்து உங்கள கூப்ட்டாளாங்க?"

"இல்ல அன்பு. நான் அசந்து தூங்கினு இருந்தேன். காதுல ஒண்ணுமே வுழல."

அன்புச்செல்வி கேட் கம்பியைப் பார்த்தாள்.

"அதான. கூப்ட்டிருந்தா தொறந்திருப்பீங்க," என்றாள்.

திட்டியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். அந்த ஒற்றை வார்த்தையை நம்பிக்கையோடு சொல்லிவிட்டு அவள் வரப்பில் நடந்து போனாள். இளவரசி திரும்பினாள். கதவு மறைவில் சங்கவி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. அம்மாவின் முகத்தை, புதுசாக யாரையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். பெற்ற பிள்ளையின் முன்னால் நிமிர்ந்து நிற்க முடியாமல் இளவரசி அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள்.

மறுநாளிலிருந்துதான் ஆள் வராத வாசலில் அவள் தினமும் குடத்தை நிரப்ப ஆரம்பித்தாள். அந்தக் குடத்தின் மேல்தான், பத்தொன்பதாம் நாள், டம்ளர் ஈரமாக இருந்தது.

இருபதாம் நாளும் ஈரம். இருபத்தோராம் நாளும். இருபத்திரண்டாம் நாள் அவள் தூங்காமல் காத்திருந்தாள். மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது, மூடிய ஜன்னல் இடுக்கில் வெயில் ஒரு கோடாக விழுந்து பாயின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது, ஆட்டுக் கொட்டகையின் மூத்திர வாடையும் மூட்டையில் கிடந்த மல்லாட்டையின் மண் வாசனையும் ஒன்றாகக் கலந்து வீட்டுக்குள் தேங்கிக் கிடந்தது, தூரத்தில் சாலையில் போன லாரியின் சத்தம் வந்து வந்து தேய்ந்தது. பிறகு அதுவும் நின்றது. புங்கமரத்தில் கத்திக்கொண்டிருந்த மைனாக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் அடங்கின. மூன்று மணி.

கேட் சங்கிலி ஆடியது.

குரல் என்று சொல்ல முடியாது. தொண்டை நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேச முயன்றால் எப்படி இருக்கும், அப்படி ஒன்று. ஒரு தரம். கொஞ்சம் விட்டு, இன்னொரு தரம். அதோடு நின்றுவிட்டது. இளவரசி பாயில் கையை ஊன்றினாள். எழுந்து திற, போ, எழுந்திரு என்று தன்னையே விரட்டினாள். கால் வரவில்லை. அன்றைக்குச் சோம்பலில் வராத கால் இன்றைக்குப் பயத்தில் வரவில்லை. நல்ல கால் இது, ஏதாவது ஒரு சாக்கு எப்போதும் வைத்திருக்கிறது.

பக்கத்தில் சங்கவி விழித்திருந்தாள். விரலில் இரண்டை மடக்கி வைத்துக்கொண்டு மூன்றாவதைப் பிடித்தபடி படுத்திருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. மூன்று மணிக்கு இரண்டு தரம். புருஷனிடம் சொல்லலாம், சொன்னால் அது ஏன் உன்னைக் கூப்பிடுகிறது என்று கேட்பான். கோவிலில் போய்க் கயிறு கட்டிக்கொள்ளலாம். பூசாரியும் அதைத்தான் கேட்பார். எந்தப் பக்கம் போனாலும் அந்த வெள்ளிக்கிழமை மத்தியானத்தில்தான் போய் முட்ட வேண்டியிருந்தது. பயத்தைக்கூட யாரிடமும் பங்கு போட முடியாத பாவியாகிவிட்டோமே என்று அவள் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது தனியாக அழுதாள்.

இருபத்தெட்டாம் நாள் காலை காபி ஆற்றும்போது டம்ளரின் அடியில் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. திருப்பிப் பார்த்தாள். ரோஸ் பொட்டு. வெளி டம்ளர் எப்படி உள்ளே வந்தது என்று வாசலுக்கு ஓடினாள். அது அதன் இடத்தில் இருந்தது. அடுப்படிக்கு வந்து அலமாரியில் இருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். எல்லாவற்றிலும் பொட்டு. புருஷனின் பெரிய டம்ளர், தருணின் பால் டம்ளர், மாமியார் வந்தால் மட்டும் எடுக்கிற வெள்ளி டம்ளர். பன்னிரண்டு டம்ளரிலும், நடுவில், மிளகு அளவுக்கு.

சங்கவியைக் கூப்பிட்டுக் கேட்டாள். குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள்.

"எல்லாத்துலயும் வெச்சிட்டா அவ எதுல வேணா குடிக்கலாம்லமா," என்றாள் சங்கவி. "அவ வந்துக்கினுதான் இருக்கா. கெணத்துப் படியிலதான் உக்காந்துக்கினு இருக்கா. நீ அசந்ததும் தெனமும் நான் மொண்டு குடுக்கறேன்."

பிள்ளை எப்படி வெளியே போகிறது? பின்பக்கக் கதவு. அடுப்படியிலிருந்து ஆட்டுக் கொட்டகைக்குப் போகிற கதவுக்குத் தாழ்ப்பாள் தாழ்வாக இருந்தது. டம்ளர் ஈரமானதற்குக் காரணம் இதுதான் என்று ஒரு நொடி இளவரசிக்கு உயிர் வந்தது. உடனே அது போயும் விட்டது. குடத்திலிருந்து மொண்டு கொடுத்தது சங்கவி. குடித்தது யார்?

சங்கவி இன்னும் ஒன்று கேட்டாள். பிளஸ்ஸி மூன்றாவது தரம் கூப்பிட்டிருந்தால் நீ திறந்திருப்பாய்தானே என்று. ஆமாம் என்றாள் இளவரசி. சங்கவி நம்பினாளா என்று தெரியவில்லை.

அன்றைக்குப் பூராவும் பிளேடால் பொட்டுகளைச் சுரண்டினாள். சங்கவியின் விரல்களைப் பிடித்து உட்கார வைத்து, நகத்தில் இருந்த ரோஸ் சாயத்தை ஒன்று விடாமல் அழித்தாள். பாட்டிலைக் குப்பைக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளினாள். பின்கதவுத் தாழ்ப்பாளில் கயிற்றைச் சுற்றிக் கட்டினாள்.

முப்பதாம் நாள் வந்தது. காலனி சர்ச்சில் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிளஸ்ஸிக்கு ஜெபம். அன்புச்செல்வி ஆள் விட்டுச் சொல்லியிருந்தாள். நாம் போகாவிட்டால் நன்றாக இருக்காது என்று கோகுலகிருஷ்ணன் சொன்னான்; மாலை வாங்கி வர மத்தியானமே திண்டிவனம் கிளம்பினான். நாலரைக்கு வந்து எல்லோரையும் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

சொல்லிவிடுவது என்று இளவரசி அன்றைக்கு முடிவு பண்ணினாள். எல்லோர் முன்னாலும் இல்லை, ஜெபம் முடிந்த பிறகு அன்புச்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு. துணி துவைக்கும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்: அன்பு, நான் முழிச்சிக்கினுதான் இருந்தேன். முதலில் பாதியிலேயே நின்றது. ஐந்தாறு தரம் சொன்ன பிறகு முழுசாக வந்தது. சொல்லப்போகிறோம் என்றதுமே பாதி சுமை இறங்கியதுபோல இருந்தது. அந்தத் தெம்பில் வாசல் குடத்தைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினாள். குடத்தையும் டம்ளரையும் மோட்டார் கொட்டகையில் போட்டுப் பூட்டினாள்.

"அப்ப பிளஸ்ஸிக்கு?" என்று கேட்டாள் சங்கவி.

இன்றைக்கு அம்மாவே உள்ளேயிருந்து கொடுக்கப்போகிறேன் என்று இளவரசி சொன்னாள். வெறும் பேச்சில்லை. ஒரு சொம்பு நிறையத் தண்ணீரும் சங்கவியின் பழைய டம்ளரும், ஆட்டுக் கொட்டகை மாடத்திலிருந்து அவளே போய் எடுத்து வந்து கழுவியது, ஹால் கதவுக்குப் பக்கத்தில் தயாராக இருந்தன. இன்றைக்குக் கூப்பிடட்டும். முதல் குரலுக்கே எழுந்திருப்பேன்.

இரண்டரைக்கு வானம் கறுத்தது. கடல் பக்கத்திலிருந்து வந்த காற்று புங்கமரத்தை வளைத்து, வாசலில் கிடந்த மல்லாட்டைக் கொடிச் சருகுகளை வாரிச் சுவரில் அடித்தது. வீட்டுக்குள் புழுதியும் மழை வாசனையும் ஏறின. கரண்ட் போனது. மின்விசிறி மெல்ல மெல்ல ஓய்ந்து நின்றது. ஜன்னலைச் சாத்தியதும் ஹால், விளக்கு வைக்கும் நேரம்போல இருண்டுவிட்டது. நடுவில் தருண். சுவரோரம் சங்கவி, குளிருகிறது என்று அம்மாவின் பழைய நூல் புடவையைத் தலையோடு போர்த்திக்கொண்டு படுத்தாள். கதவு ஓரமாக இளவரசி.

மூன்று மணி ஆனது. கூப்பிடவில்லை.

மூன்றே கால். கூரையில் முதல் தூறல் விழுந்தது. கண்ணை விழித்துக்கொண்டே கிடந்தாள். முப்பது நாள் தூக்கம் பாக்கி இருந்த உடம்பு. எப்போது கண் செருகியது என்று தெரியாது. அந்த அரைத்தூக்கத்தில் எங்கோ ஒரு கதவு காற்றில் அறைந்து சாத்திக்கொண்டதும், ஏதோ இரும்பு இறங்கி விழுந்ததும் காதில் பட்டது. காற்றுதான் என்று புரண்டு படுத்தாள்.

"அம்மா."

விழித்துக்கொண்டாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. குரல் கேட்டிலிருந்து வந்தது. சங்கவியின் குரல்.

கையை நீட்டினாள். தருணின் வெதுவெதுப்பான முதுகு. அவனைத் தாண்டிப் புடவை. புடவைக்குள் ஒரு சின்னத் தோள். சில்லென்று இருந்தது, மழைக்கு எல்லாமே சில்லென்றுதான் இருக்கும். சங்கவி இங்கே இருக்கிறாள். அப்படியானால் வெளியே நிற்பது இன்றைக்குக் குரலை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. என் பிள்ளையின் குரலை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

எழுந்திருப்பேன் என்று சொன்னவள் எழுந்திருக்கவில்லை.

"அம்மா, கதவத் தொற. பின்னாடி கதவு சாத்திக்கிச்சி."

இரண்டு.

எண்ணிவிட்டாள். தன்னை அறியாமல் விரல் மடங்கிவிட்டது. மூன்றாவது தரம் கூப்பிடட்டும், அப்போது போகிறேன் என்று மனசு அதே வார்த்தையைச் சொன்னது. சொன்னது காதில் விழுந்ததும் உடம்பெல்லாம் கூசியது. முப்பது நாள். ஜெபம். மன்னிப்பு. எல்லாம் இந்த லட்சணம்தான்.

பின்னாடி கதவு.

பின்கதவு சாத்திக்கொண்டது என்று சொன்னால், யாரோ பின்கதவு வழியாக வெளியே போயிருக்க வேண்டும். பழைய டம்ளரை எடுக்கப் போனபோது அவிழ்த்த கயிற்றை அவள் திரும்பக் கட்டவேயில்லை.

மின்னல் வெட்டியது. கதவுப் பக்கம் பார்த்தாள். பழைய டம்ளர் இருந்தது. சொம்பைக் காணோம்.

சங்கவி தண்ணீர் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அம்மா தூங்கிவிட்டாள். அம்மா வழக்கம்போலத் தூங்கிவிட்டாள். அதனால் பிள்ளையே எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

வெளியே கேட் சங்கிலி ஒரு தரம் ஆடி நின்றது. சின்னக் கால்கள் சேற்றில் சளப் சளப்பென்று நகர்ந்தன. கேட்டை விட்டு. வாசலை விட்டு. கிணற்றுப் பக்கம். மழைக்குள்ளும் தெளிவாகக் கேட்டது, முள் இழுபடுகிற சத்தம்.

சங்கவி என்று கத்த வாய் திறந்தாள். கத்தல் வரவில்லை. எழுந்தாள். பாதி எழுந்தாள். முந்தானை எதிலோ மாட்டியிருந்தது.

இழுத்தாள். வரவில்லை.

திரும்பினாள்.

தருண் தூங்கிக்கொண்டிருந்தான். அவனைத் தாண்டி, புடவைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை நீண்டு வந்து, முந்தானையைக் கொத்தாகப் பிடித்திருந்தது. பாய் நனைந்திருந்தது. அந்தப் பக்கம் முழுக்க நனைந்து, தருணின் தலைமயிர் வரைக்கும் ஈரம் ஏறியிருந்தது. மறுபடி மின்னியது. கையின் ஐந்து நகத்திலும் ரோஸ் சாயம்.

புடவைக்கு அடியில் தலை மெல்ல அவள் பக்கம் திரும்பியது.

"சங்கவியம்மா," என்றது.

மூன்று.

வெளியே, கிணற்றுக்குள், கல்படியில் யாரோ சொம்பை வைக்கிற சத்தம் கேட்டது.